கூட்டம் நல்லா வருதே, பெலென்

என் அண்ணி பெலென் திமாயுகாவைப் பற்றி இப்போது ஊரில் ஆளுக்கொரு கதை வைத்திருக்கிறார்கள். வங்கிக்குப் புதிதாக வந்த மேனேஜர், "மேடம் பிறவியிலேயே வியாபாரி" என்று என்னிடமே சொல்கிறார். எனக்கு வந்ததே கோபம். பிறவியிலேயே வியாபாரி என்றால் நான் ஏன் ஏழு வருஷம் அவளோடு அடுப்பைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக அலைந்தேன்? இந்தப் பக்கம் அவள் பிடிப்பாள், அந்தப் பக்கம் நான். கனத்த பக்கம் எப்போதும் எனக்குத்தான் வரும்.

நான் செலிங். பெலென் கட்டிக்கொண்ட அம்போ என் கூடப்பிறந்த அண்ணன். அண்ணி என்றாலும் என்னைவிட ஒரு வயது சின்னவள், அதனால் அவள் இவள் என்றுதான் சொல்வேன். இன்று அவளுக்குப் பதினோரு சாப்பாட்டுக் கடை, ஒன்பது கட்டடம். அந்தக் கதையை அவளே சொன்னால் தன் முட்டாள்தனத்தை விட்டுவிட்டுச் சொல்வாள். நான் விடமாட்டேன்.

எங்கள் ஊர் லிப்பாவில் லோமி விற்காத தெரு கிடையாது. கெட்டியான குழம்பில் தடித்த நூடுல்ஸ், ஈரல், அடித்து ஊற்றிய முட்டை, மேலே மொறுமொறுவென்று பன்றித்தோல் வறுவல். எல்லாரும் போடுவதுதான். பெலென் போட்டால் மட்டும் ஜனம் கிண்ணத்தை வழித்துக் குடித்துவிட்டு இன்னொன்று கேட்கும். என்ன ரகசியம் என்று என்னிடம் கேட்காதீர்கள், அது தொழில். குழம்பு கரண்டியை விட்டு இறங்க மனமில்லாமல் இறங்க வேண்டும், அவ்வளவுதான் சொல்வேன்.

முதல் கடை சந்தை மூலையில். இடம் கப்பித்தான் செவெரோவுடையது. பேட்டைத் தலைவராக ஒரே ஒரு தடவை இருந்தவர். பதவி போய்ப் பல வருஷமாகியும் ஊர் அவரைக் கப்பித்தான் என்றே கூப்பிட வேண்டும், இல்லாவிட்டால் காது கேட்காதது போல் போய்விடுவார். கக்கத்தில் எப்போதும் ஒரு சண்டைச் சேவல் இருக்கும். பேசுவது நம்மிடம், தடவிக்கொடுப்பது சேவலை.

ஒரு நாள் காலையில் வந்தார். உட்கார்ந்திருந்தவர்களை எல்லாம் ஒரு பார்வை பார்த்தார். "கூட்டம் நல்லா வருதே, பெலென்" என்றார். நாங்கள் இரண்டு பைத்தியங்களும் பெருமையாகச் சிரித்தோம். ஈரல் கூடப் போட்டு ஒரு கிண்ணம் சும்மாவே கொடுத்தோம். சரியாக மூன்று வாரம். ஜனவரி பத்தொன்பது, சான் செபாஸ்டியன் திருவிழாவுக்கு முந்தின நாள், வருஷத்திலேயே வியாபாரம் கொட்டப்போகிற நாளுக்கு முந்தின நாள், ஆள் அனுப்பினார். அக்கா மகனுக்கு இடம் வேண்டுமாம், காலி பண்ண வேண்டுமாம்.

அக்கா மகன் அதே இடத்தில் லோமி போட்டான். ஆறு மாதத்தில் மூடினான். தண்ணீரில் நூடுல்ஸைப் போட்டால் லோமி ஆகிவிடுமா?

அடுத்தது ஜீப்னி நிறுத்தத்தில், ஆள் ஏற்றிப்போகும் வண்டிகள் வந்து நிற்கிற இடம். அதுவும் அவர் இடம்தான். ஊரில் பாதி அவர் இடம் என்றால் ஏழைகள் வேறெங்கே போவது? இரண்டு வருஷம் ஓடியது. வந்தார், சேவலோடு. "கூட்டம் நல்லா வருதே, பெலென்." இந்தத் தடவை அவர் ஞானத்தந்தையாக நின்ற பையனுக்காம். மூன்றாவது, உயர்நிலைப் பள்ளிக்கு எதிரே. அங்கே மருமகளுக்காம். மூன்றாம் தடவை அந்த வார்த்தை காதில் விழுந்தபோது பெலென் கையிலிருந்த கிண்ணத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

சாமான்களை எல்லாம் அம்போவின் ஜீப்னியில் ஏற்றி முடித்த பிறகு, கவிழ்த்துப்போட்ட அண்டாவின் மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"செலிங், எனக்கு ஒண்ணே ஒண்ணு வேணும். என் அடுப்புக்குக் கீழ இருக்கற மண்ணு என்னுதா இருக்கணும். ஒரு பாய் அகலம் போதும்."

"லிப்பாவுல பாய் அகல மண்ணு என்ன வெலன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியாது. கேக்கணும்."

அதற்குப் பிறகு இருபது நாள் அவள் வேறு எதுவும் பேசவில்லை. தூக்கத்தில் கூட அதே பேச்சு என்று அம்போ சொன்னான்.

அந்த மாதம்தான் எங்கள் சித்தப்பா ஒருவர் இறந்துபோனார். ஊரில் துக்க மண்டபம் நடத்துகிற தாசியோ அண்ணனிடம் உடலை ஐந்து நாள் பெட்டியில் வைத்திருந்தோம். போய் உட்கார்ந்து, காப்பி குடித்து, கடலை கொறித்து, சீட்டாடுகிறவர்களை வேடிக்கை பார்த்து, எழுந்தோம். சாவு விழுந்த இடத்திலிருந்து நேரே வீட்டுக்குப் போக யாருக்குத் தைரியம்? நடுவில் எங்காவது இறங்கி, உட்கார்ந்து, வாயில் எதையாவது போட்டு, கூடவே ஒட்டிக்கொண்டு வந்ததை அங்கே உதறிவிட்டுத்தான் போக வேண்டும். இல்லாவிட்டால் அது வீடு வரைக்கும் வந்து அடுத்த ஆளைத் தேடும். நாங்கள் ஒன்பது பேர், அரை கிலோமீட்டர் தள்ளியிருந்த ஒரு ரொட்டிக் கடை வாசலில் நின்றுகொண்டு காய்ந்த பன்னைத் தின்றோம். எங்களுக்கு முன்னால் வேறு துக்கத்திலிருந்து வந்த பன்னிரண்டு பேர் அதே பன்னைத் தின்றுகொண்டிருந்தார்கள்.

பெலென் பன்னைக் கடிக்கவே இல்லை. வந்த வழியைத் திரும்பிப் பார்த்தாள்.

"செலிங், தாசியோ அண்ணன் மண்டபத்துக்குப் பக்கத்துல ஒரு காலி மனை இருக்கே, அது யாரோடது?"

யாருடையது என்று கேட்பானேன். கப்பித்தான் செவெரோவுடையதுதான். அங்கே பில்லியர்ட்ஸ் போட்டுப் பார்த்தார், தையல் கடைக்கு விட்டுப் பார்த்தார். பக்கத்துச் சுவருக்குப் பின்னால் பெட்டியில் ஆள் படுத்திருக்கும்போது யார் பில்லியர்ட்ஸ் ஆடுவார்கள்? பெலென் போய்க் கேட்டதும் அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"வாங்கிக்க, பெலென். அந்த எடத்துல உன்னை யாரும் எழுப்ப மாட்டாங்க. பக்கத்துல படுத்திருக்கறவங்க எந்திரிச்சு வந்து கேட்டாத்தான் உண்டு."

ஊரில் வேறு எங்கும் கிடைக்காத சல்லிசான விலை. ஆனால் அந்தச் சல்லிசுக்கும் எங்களிடம் என்ன இருந்தது? அம்போவின் ஜீப்னி இருந்தது. பன்னிரண்டு வருஷம் அவன் துடைத்துத் துடைத்து வைத்திருந்த வண்டி. முன்கண்ணாடிக்கு மேலே சிவப்பு எழுத்தில் 'பெலென்' என்று பலகை மாட்டியிருந்தான், கல்யாணமான வருஷத்தில். விற்கும்போது அந்தப் பலகையை மட்டும் கழற்றிக்கொண்டு, மீதியைச் சாவியோடு கொடுத்துவிட்டு நடந்து வந்தான். நான் அன்றைக்குப் பெலெனைத் திட்டிய திட்டு இன்னும் அந்தத் தெருவில் இருக்கும்.

"பொணத்துக்குப் பக்கத்துல சோறு விக்கறதுக்காகவா என் அண்ணன் வயித்துல அடிச்ச?"

அம்போ பலகையிலிருந்த தூசியைத் துடைத்துக்கொண்டே, "விடு செலிங். எனக்கும் முதுகு வலி" என்றான். அதோடு அவன் பேச்சு முடிந்தது. அவன் எப்போதும் அப்படித்தான்.

பத்திரம் கையெழுத்தான அன்று பெலென் மனையின் நடுவில் போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நின்றாள். அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. அதனால் இன்னும் கொஞ்சம் திட்டினேன்.

கூண்டு மாதிரி ஒரு கடை கட்டினோம். தூணுக்குக் கீழே காசு போட்டோம், கோழி இரத்தம் ஊற்றினோம், பாதிரியாரைக் கூப்பிட்டுத் தண்ணீர் தெளித்தோம். வாசலை மண்டபத்து வாசலைப் பார்த்தபடி வைத்தாள் என் மகா புத்திசாலி அண்ணி. "வெளிய கால் வச்சதும் நம்ம கடைதான் கண்ணுல படணும்." மேலே ஜீப்னிப் பலகையை மாட்டினோம். அடுப்பைப் பற்றவைத்தோம்.

ஒருவர்கூட வரவில்லை. மண்டபத்திலிருந்து ஐம்பது பேர் வெளியே வருவார்கள், எங்களைப் பார்ப்பார்கள், மூக்கை உறிஞ்சுவார்கள், வாசம் அப்படி. பிறகு தலையைத் திருப்பிக்கொண்டு ஜீப்னியில் ஏறி அந்தப் பாழாய்ப்போன ரொட்டிக் கடைக்குப் போவார்கள். ஒரு நாள், இரண்டு நாள், இருபத்திரண்டு நாள். தினமும் ஓர் அண்டா லோமியை நாங்கள் மூன்று பேரும் தின்றோம். தாசியோ அண்ணனின் நாய் கூட முதல் வாரத்தோடு நிறுத்திக்கொண்டது.

கப்பித்தான் செவெரோ ஒரு நாள் சேவலோடு அந்தப் பக்கம் வந்தார். காலி பெஞ்சுகளைப் பார்த்துவிட்டு, சேவலிடம் குனிந்து, "பாத்தியா, எவ்வளவு அமைதியான எடம்" என்றார். கரண்டியை எடுத்து எறியத்தான் எனக்குக் கை வந்தது. பெலென் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் மத்தியானம் மண்டபத்திலிருந்து ஒரு குடும்பம் வெளியே வந்தது. சட்டையில் கறுப்பு நாடா குத்திய ஒரு குண்டு அம்மா எங்கள் கடையைப் பார்த்து ஆசையாக எச்சில் விழுங்கிவிட்டு ஜீப்னியில் ஏறினாள். பெலெனுக்கு என்ன தோன்றியதோ, சமையல் உடுப்போடு, கையில் கரண்டியோடு, ஓடிப்போய் அதே ஜீப்னியில் ஏறிவிட்டாள். ரொட்டிக் கடை வரைக்கும் போய், அந்த அம்மாவுக்கு ஒரு பன் வாங்கிக் கொடுத்து, அங்கேயே கேட்டிருக்கிறாள்.

"அம்மா, தப்பா நெனைக்காதீங்க. என் கடையில என்ன கொறை?"

அந்த அம்மா பன்னை மென்றுகொண்டே சொன்னாளாம். "கொறை ஒண்ணுமில்லடி பொண்ணே. ஆனா உன் மேசை மேல அங்க ஏத்தின மெழுகுவர்த்தி வெளிச்சம் விழுது. உங்கிட்ட வந்து உதறினா என்ன, உதறலேன்னா என்ன? அதுவும் கூடவே வந்து பெஞ்சுல உக்காரும். ரெண்டு தெருமுக்காவது திரும்பணும். அப்பத்தான் அது வழி தெரியாம நின்னுடும்."

பெலென் நடந்தே திரும்பி வந்தாள். கடைக்குள் நுழையவில்லை. மண்டபத்து வாசலிலிருந்து கிளம்பி, தெருமுனைவரை போய், வலது பக்கம் திரும்பி, மறுபடியும் வலது பக்கம் திரும்பி, பின்தெருவுக்குப் போனாள். அங்கே நின்று எங்கள் கடையின் முதுகைப் பார்த்தாள். நான் பின்னாலேயே ஓடினேன், வெயிலில் மூளை கலங்கிவிட்டதோ என்று.

"ரெண்டு முக்கு, செலிங். எண்ணிப் பாத்தேன். வாசலை இங்க வச்சிருக்கணும்."

சொல்ல நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பின்தெருவுக்கும் எங்கள் சுவருக்கும் நடுவில் ஐந்து மீட்டர் அகலத்தில் ஒரு பட்டைத் துண்டு நிலம் இருந்தது. விற்கும்போது கப்பித்தான் அதை மட்டும் பத்திரத்தில் சேர்க்காமல் வைத்துக்கொண்டார். அங்கே தன் சேவல்களைக் கட்டியிருந்தார். பதினான்கு சேவல், பதினான்கு கூம்புக் கொட்டகை. வாசல் வைக்கத்தான் கேட்கிறோம் என்று தெரிந்தால் விலையை வானத்தில் வைப்பார், இல்லாவிட்டால் சிரித்துக்கொண்டே மறுப்பார். எங்களிடமோ விற்க இன்னொரு ஜீப்னி இல்லை. கொல்லையில் கட்டியிருந்த ஒரு சினைப் பன்றிதான் மிச்சம்.

அன்றிரவு பெலென் அழுதாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவள் அழுது நான் பார்த்ததில்லை. "மண்ணு என்னுது ஆச்சு செலிங், ஆனா வாசல் அவருதா இருக்கே" என்றாள். எனக்குத் திட்டக்கூட மனம் வரவில்லை.

இரண்டு நாள் கழித்து அவள் என்னையும் கூட்டிக்கொண்டு கப்பித்தான் வீட்டுக்குப் போனாள். அவர் முகம் வாடியிருந்தது. அந்த மாதம் அவருடைய சேவல்கள் வரிசையாக நான்கு தோற்றிருந்தன. ஊருக்கே தெரியும்.

"கப்பித்தான், உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லிடணும். அப்புறம் தெரிஞ்சா என்னைத்தான் கோவிச்சுக்குவீங்க" என்றாள் பெலென், மிகவும் பணிவாக.

"என்ன?"

"தாசியோ அண்ணன் மண்டப வாசல்ல கொய்யா இலை போட்ட தண்ணி வச்சிருக்காரு இல்ல? சாவுக்கு வந்தவங்க கை கழுவிட்டுப் போறது. அந்தத் தண்ணி ஓடையில ஊத்தறாங்க. அந்த ஓடை எங்க போவுதுன்னு நேத்துத்தான் பாத்தேன்."

கப்பித்தானின் கை சேவலின் முதுகில் அப்படியே நின்றது.

"எங்க போவுது?"

"உங்க சேவல் கட்டியிருக்கற எடத்துக்கு நடுவால. எல்லாத்தையும் கழுவி விட்டது. அங்கதானே கொத்தித் தின்னுது பாவம்."

அவள் சொன்னது சத்தியம். ஓடை அப்படித்தான் போனது. நானும் போய்ப் பார்த்திருக்கிறேன். ஆனால் சொன்ன விதம் இருக்கிறதே, கேட்ட எனக்கே முதுகில் குளிர்ந்தது. சேவல்காரனுக்குச் சாவு வாடை பட்டால் போதும், அந்த வாரம் பந்தயத்துக்கே போக மாட்டான். அப்படியிருக்க, சாவைக் கழுவிய தண்ணீரை அவர் சேவல்கள் ஒரு வருஷமாகக் குடித்துக்கொண்டிருக்கின்றன. அவர் கக்கத்திலிருந்த சேவலைக் கீழே இறக்கிவிட்டு, கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"அந்த எடத்தை நீயே எடுத்துக்க."

"ஐயோ, எனக்கு எதுக்கு கப்பித்தான்? முன்னாடி வாங்கினதுக்கே செலிங் என்னைத் தினமும் தின்னுறா."

"ஆமா, தின்னுறேன்" என்றேன் நான். அது பொய்யில்லையே.

"என்ன குடுப்ப?"

"எங்கிட்ட என்ன இருக்கு? ஒரு சினைப் பன்னி இருக்கு. திருவிழாவுக்குள்ள குட்டி போட்டுடும்."

திருவிழாவுக்கு அவர் வீட்டில் ஐம்பது பேருக்குச் சாப்பாடு. முழுப் பன்றி சுட்டு வைக்காவிட்டால் மரியாதை என்ன ஆவது? யோசித்தார். பெலென் எழுந்து போவது போல் பாவாடையைத் தட்டிவிட்டாள். "சரி, சரி, உக்காரு" என்றார் கப்பித்தான்.

பத்திரம் எழுதிய வக்கீல் இரண்டு தடவை கேட்டார், "பன்னின்னே எழுதட்டுமா?" என்று. பன்றி என்றே எழுதச் சொன்னாள் பெலென். ஐந்து மீட்டர் நிலம், பதிலுக்கு வெள்ளையும் கறுப்புமான சினைப் பன்றி ஒன்று, சுகமாக இருப்பது. அந்தப் பத்திரத்தைக் கண்ணாடி போட்டு இன்றும் கடையில் மாட்டியிருக்கிறோம்.

சேவல்கள் போன மறுநாளே அம்போ சம்மட்டியை எடுத்தான். பின்சுவரை உடைத்து வாசல் வைத்தான். முன்வாசலைச் செங்கல் வைத்து அடைத்தான், ஒரு மெழுகுவர்த்தி வெளிச்சம் கூட உள்ளே வராதபடி. ஜீப்னிப் பலகையைக் கழற்றிப் பின்தெருப் பக்கம் மாட்டினான். வாசற்படியில் தாண்டிப்போகப் புகைச்சட்டி, பக்கத்தில் கொய்யா இலைத் தண்ணீர். தாசியோ அண்ணன் தன் மண்டபத்துக்குத் துக்கத்துக்கு வந்தவர்களிடம் எல்லாம், "பின்தெருவுல ஒரு கடை இருக்கு, ரெண்டு முக்குத் திரும்பிப் போங்க" என்று மட்டும் சொன்னார்.

முதல் ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் ஓய்வுபெற்ற ஒரு கணக்கு வாத்தியாரின் உடலை வைத்திருந்தார்கள். முப்பது வருஷத்து மாணவர்கள். மத்தியானம் நான் ஈரல் நறுக்கிக்கொண்டிருந்தேன். தெருமுனையில் ஒரு குடும்பம் திரும்பியது. அவர்களுக்குப் பின்னால் இன்னொன்று. அவர்களுக்குப் பின்னால் ஒரு கும்பல், வழக்கமாகத் துக்கத்துக்குப் போய்விட்டு வருகிறவர்கள் பேசுவது போல் தணிந்த குரலில் பேசிக்கொண்டு. ஒவ்வொருவராகப் புகையைத் தாண்டினார்கள், கை கழுவினார்கள், உட்கார்ந்தார்கள். முதல் வாய் உள்ளே போனதும் குரல் உயர்ந்தது. வாத்தியார் யார் காதைத் திருகினார் என்று சண்டை, சிரிப்பு. ஒரு கிழவர் மட்டும் சந்தேகமாகச் சுவரைத் தட்டிப் பார்த்தார்.

"இது அந்த மண்டபத்துக்குப் பக்கத்துல இருந்த கடைதானே?"

"அந்தத் தெருவுலயா? அங்க வெறும் சுவருதானே இருக்கு தாத்தா" என்றாள் பெலென். கிழவர் இரண்டு கிண்ணம் சாப்பிட்டார்.

நான்கு மணிக்கு நூடுல்ஸ் தீர்ந்தது. அம்போ ஓடிப்போய் வாங்கி வந்தான். ஆறு மணிக்கு அதுவும் தீர்ந்தது. கறுப்பு நாடா குத்திய குண்டு அம்மாவும் வந்தாள், வேறொரு துக்கத்துக்கு வந்தவள். கரண்டியோடு ஜீப்னியில் ஏறிய பெண்ணை அடையாளம் கண்டுகொண்டு, "பன்னுக்குக் கடன் தீந்துச்சு" என்று சொல்லி மூன்று கிண்ணம் வாங்கினாள். நான் வெங்காயம் நறுக்குகிறேன் என்று உட்கார்ந்து அழுது தீர்த்தேன். அன்றைக்கு நறுக்க வெங்காயமே இல்லை. பெலென் அடுப்படியில் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நின்று கிண்டிக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து அந்தக் கடையில் அவள் செருப்புப் போட்டு நின்றதில்லை.

இரண்டு மாதம் கழித்து கப்பித்தான் செவெரோ வந்தார். வாசலில் இடமில்லாமல் ஆட்கள் நின்று சாப்பிடுகிறார்கள். சேவலைத் தடவிக்கொண்டே எல்லாரையும் ஒரு பார்வை பார்த்தார். தான் பன்றிக்குக் கொடுத்த ஐந்து மீட்டரையும் பார்த்தார்.

"கூட்டம் நல்லா வருதே, பெலென்."

பழக்கதோஷம், என் கையிலிருந்து கரண்டி விழுந்துவிட்டது. கண் அடுப்பைத் தேடியது, எந்தப் பக்கம் பிடித்துத் தூக்குவது என்று. பெலென் மட்டும் நிமிர்ந்து நின்றாள்.

"ஆமா கப்பித்தான். உக்காருங்க. இந்தத் தடவை ஈரல் அதிகம் கிடையாது, சும்மாவும் கிடையாது."

கடையே சிரித்தது. அவரும் சிரித்தார், வேறு என்ன செய்வார். சாப்பிட்டுவிட்டு மற்றவர்களைப் போலவே காசு கொடுத்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு பெலெனைப் பிடிக்க முடியவில்லை. தனாவான், ரொசாரியோ, லெமெரி என்று ஊர் ஊராகப் போனாள். எங்கே துக்க மண்டபம் இருக்கிறதோ அதன் பக்கத்து மனையைத் தேடுவாள். யாரும் தொடாத மனைகள், சொந்தக்காரர்கள் கையெடுத்துக் கும்பிட்டுக் கொடுத்தார்கள். ஆனால் இரண்டு தெருவைத் தொடாத மனையை இனாமாகக் கொடுத்தாலும் வாங்க மாட்டாள். மண்டபத்துப் பக்கம் செங்கல் சுவர், பின்தெருப் பக்கம் வாசல், புகைச்சட்டி, லோமி. வாசலில் ஜனம் நடமாட ஆரம்பித்ததும் பின்தெரு விழித்துக்கொண்டது. மேலே மாடி கட்டினாள். பல் டாக்டர் வந்தார், பரீட்சைக்குப் பயிற்சி கொடுக்கிறவர்கள் வந்தார்கள், பூக்கடை வந்தது. பிணத்துக்குப் பக்கத்தில் யார் குடிவருவார்கள் என்று கேட்டவர்கள் இப்போது வாடகைக்கு இடம் கேட்டு வரிசையில் நிற்கிறார்கள். நானும் அப்படிக் கேட்டவள்தான், ஒத்துக்கொள்கிறேன். மணிலாவிலிருந்து ஒரு பெரிய கம்பெனிக்காரர்கள் சூட் கோட்டோடு வந்து முதல் கடையை விலைக்குக் கேட்டார்கள். அவர்கள் சொன்ன தொகையைக் கேட்டு எனக்குத் தலை சுற்றியது. "பன்னிக்கு வாங்கினது, காசுக்கு விக்கக் கூடாது" என்று சொல்லி லோமி கொடுத்து அனுப்பிவிட்டாள்.

கப்பித்தானுக்குக் காலம் இறங்கிக்கொண்டே வந்தது. சேவல் பந்தயம் சொத்தில் பாதியைத் தின்றது. கனடாவில் போய் உட்கார்ந்துகொண்ட பிள்ளைகள் மீதியை விற்றுப் பிரித்துக்கொண்டார்கள். சந்தை மூலையும் விலைக்கு வந்தது, எங்களை முதன்முதலாகத் துரத்திய அதே மூலை. பெலென் வாங்கினாள். ஒரு வார்த்தை பேரம் பேசவில்லை. மூன்று மாடி எழுப்பினாள்.

திறப்பு விழாவுக்கு மறுவாரம் கப்பித்தான் வந்தார். எழுபத்தைந்து வயது இருக்கும். கக்கத்தில் சேவல் இல்லை. சேவல் இல்லாமல் அவரை அதற்கு முன் நான் பார்த்ததே இல்லை, அந்தக் கை எங்கே வைப்பது என்று தெரியாமல் தொங்கியது.

"கோழித் தீவனக் கடை ஒண்ணு வைக்கலாம்னு பாக்கறேன், பெலென். எனக்குத் தெரிஞ்ச தொழில் அது ஒண்ணுதான். கீழ ஒரு சின்ன எடம்..."

எனக்குச் சந்தோஷத்தில் காது அடைத்தது. சொல்லடி பெலென், இப்போது சொல், இத்தனை வருஷம் வாயில் வைத்திருந்ததைச் சொல் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் என்ன சொன்னாள் தெரியுமா?

"மூலைக் கடையையே எடுத்துக்கங்க கப்பித்தான். அங்கதான் ஆள் நடமாட்டம் ஜாஸ்தி."

நான்கு நாள் நான் அவளோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் பேசினேன், திட்டுவதற்காக. அவள் காதில் வாங்கவே இல்லை.

தீவனக் கடை நன்றாகவே போயிற்று. சேவலைப் பற்றி அவரிடம் கேட்கவே பாதிப்பேர் வருவார்கள். ஜனவரி வந்தது. பத்தொன்பதாம் தேதி காலையில் பெலென் நல்ல உடுப்பு உடுத்திக்கொண்டாள், தோடு போட்டுக்கொண்டாள். "வா செலிங்" என்றாள். நேரே தீவனக் கடைக்குப் போனோம். ஐந்தாறு பேர் நின்றிருந்தார்கள். அவள் வாசலில் நின்று எல்லாரையும் ஒரு பார்வை பார்த்தாள். சுவரைத் தொட்டுப் பார்த்தாள்.

"கூட்டம் நல்லா வருதே, கப்பித்தான்."

அவர் கையிலிருந்த மக்காச்சோளம் அளக்கும் படி அப்படியே நின்றது. முகத்தில் இரத்தம் இல்லை. பெலென் திரும்பி நடந்துவிட்டாள். அதற்குப் பிறகு மூன்று வாரம் அவர் தினமும் அம்போவிடம் வந்து, "ஏதாவது காகிதம் வருதா அம்போ? சொல்லிடுப்பா" என்று கேட்டார். ஒரு காகிதமும் வரவில்லை. வாடகையும் ஏறவில்லை. மறு வருஷம் ஜனவரி பத்தொன்பது, மறுபடியும் உடுப்பு, தோடு, "வா செலிங்."

இப்படி எட்டு வருஷம். போன ஜனவரியில் நாங்கள் தெருமுனையில் திரும்பும்போதே அவர் பார்த்துவிட்டார். நாற்காலியை இழுத்துப் போட்டார், காப்பி ஊற்றி வைத்தார்.

"சொல்லிடு பெலென். சொல்லிட்டு உக்காந்து காப்பியக் குடி."

அவள் சொன்னாள். உட்கார்ந்து காப்பியைக் குடித்தாள். தீவன விலை ஏறிவிட்டதைப் பற்றி இருவரும் கொஞ்ச நேரம் பேசினார்கள்.

திரும்பி வரும்போது எனக்குத் தாங்கவில்லை. "போதும்டி அண்ணி. அந்தாளுக்கு எண்பத்து மூணு வயசு. மூணு தடவைதானே அதைச் சொல்லி உன்னை எழுப்பினாரு. நீ எட்டுத் தடவை சொல்லிட்ட."

பெலென் நடந்துகொண்டே சொன்னாள். "அவரு மூணு தடவைதான் எழுப்பினாரு, செலிங். ஆனா ஏழு வருஷமும் ஒவ்வொரு நாளும், எப்பச் சொல்லுவாரோன்னு நான் காதைத் தீட்டிக்கிட்டே இருந்தேன். கடை கூட்டமா இருந்தாப் பயந்தேன். நல்லா வித்த நாளெல்லாம் பயந்தேன்."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள், அடுப்புத் தூக்கும்போது பிடிப்பது போல.

மண்டபத்தில் அன்றைக்குப் பெரிய துக்கம். இரண்டு முக்குத் திரும்பிப் பின்தெருவுக்குப் போனபோது வாசல் வரைக்கும் ஜனம். பெலென் கொய்யா இலைத் தண்ணீரில் கை கழுவினாள், புகையைத் தாண்டினாள், தோட்டைக் கழற்றி என்னிடம் கொடுத்தாள். அடுப்படியில் செருப்பை விட்டுவிட்டு வெறுங்காலோடு நின்று கரண்டியைக் கையில் எடுத்தாள். நான் ஈரல் நறுக்க உட்கார்ந்தேன்.